மூட்டை எந்த வழியாக வந்தது? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் பெஸ்தாரி ஜெயா, கோலா சிலாங்கூர் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. நாம் செய்து விற்கும் அல்லது வாங்கி உண்ணும் பண்டத்தில் சேரும் ஒவ்வொரு மூலப்பொருளும் எங்கே விளைந்து, யார் யார் கைமாறி நம்மிடம் வருகிறது என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நான்குக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலத்திலிருந்தே கறித்தூள், மீன் கறித்தூள், சாம்பார்த் தூள் ஆகியவற்றைத் தயாரித்து விற்று வருகிறேன். இப்போது ஒரு பேரங்காடி நிறுவனம் என் பொட்டலங்களை எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மூலப்பொருளும் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் தரவேண்டும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர் கிள்ளானில் உள்ள மொத்த வியாபாரி ஒருவரே. அவரைக் கேட்டால், "அதெல்லாம் வியாபார இரகசியம், அக்கா" என்று சொல்லிவிடுகிறார். நான் என்ன செய்வது? — ஒரு வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: சகோதரி, முதலில் சட்டம் உங்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் மலேசிய நாட்டின் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, உணவு தயாரிக்கும் இடத்தை நடத்துபவர் ஒரு படி பின்னும் ஒரு படி முன்னும் தடம் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும். அதாவது, யாரிடம் வாங்கினீர்கள், யாருக்கு விற்றீர்கள் என்ற இரண்டும் உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். சுகாதார அமைச்சு சிறு உற்பத்தியாளர்களுக்கு வழங்கும் மெஸ்தி என்னும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் இந்தப் பதிவு அவசியம். பேரங்காடி கேட்பது இதைவிட இரண்டு மூன்று படி கூடுதல். அந்தக் கூடுதல் படிகளை நீங்கள் ஒரே வாரத்தில் நிரப்பிவிட முடியாது, முடிந்ததுபோல் நிரப்பவும் கூடாது. தெரியாத கட்டத்தில் "தெரியவில்லை, கேட்கப்பட்டுள்ளது" என்று எழுதித் தேதியிடுங்கள். கற்பனையாக ஒரு நாட்டின் பெயரை எழுதுவதைவிட அந்த வெற்றிடம் பல மடங்கு பயனுள்ளது. இடையில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் எங்கே தேட வேண்டும் என்பதையாவது அது சொல்லும்.

வேலையை முடிந்த பொட்டலத்திலிருந்து தொடங்குங்கள். மேசைமீது ஒரு பொட்டலம் சாம்பார்த் தூளை வைத்து, அதில் சேர்ந்த பொருட்களை எடை குறைவானதையும் விடாமல் எழுதுங்கள்: மல்லி, காய்ந்த மிளகாய், துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை. பிறகு பிளாஸ்டிக் பையையும் ஒட்டுச்சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவையும் உணவைத் தொடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே விளைந்த இடம், காயவைத்த அல்லது பதப்படுத்திய இடம், ஏற்றுமதி செய்தவர், இங்கே இறக்குமதி செய்தவர், மொத்த வியாபாரி, உங்கள் வீடு என்ற கட்டங்களை, வலக்கோடியில் வீட்டில் தொடங்கி இடமாகப் பின்னோக்கி வரைந்து கோட்டால் இணையுங்கள். கையால் வரைந்தாலும் போதும்.

வரைந்து பார்த்தால் இந்த ஒரு தூளுக்குள் எத்தனை ஊர்கள் ஒளிந்திருக்கின்றன என்பது புலப்படும். காய்ந்த மிளகாய் பெரும்பாலும் ஆந்திரத்தின் குண்டூர்ச் சந்தை வழியாக வந்திருக்கலாம். மஞ்சள் ஈரோட்டுப் பக்கமிருந்தோ நிஜாமாபாத்திலிருந்தோ வரும். சீரகத்துக்குக் குஜராத்தின் உஞ்ஜா பெரிய சந்தை. மல்லி ராஜஸ்தானிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வருகிறது, சில பருவங்களில் ருஷ்யாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும்கூட வணிகத்துக்கு வருகிறது. மிளகு சரவாக்கிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், வியட்நாமிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். மூட்டையைப் பார்க்காமல் இரண்டில் எது என்று யாரும் சொல்ல முடியாது. பெருங்காயத்தின் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான் மலைப்பகுதிகளில் வளரும் செடியின் வேரிலிருந்து எடுக்கப்படுவது.

பெருங்காயத்தில் சற்று நின்று பார்க்கச் சொல்வேன். கடையில் நாம் வாங்கும் பெருங்காயம் தனிப் பிசின் அன்று. பிசினோடு கோதுமை மாவு அல்லது அரிசி மாவு, அரபுப் பிசின் ஆகியவற்றைக் கலந்து செய்யும் கூட்டுப்பெருங்காயம் அது. ஆக, உங்கள் பட்டியலில் ஒரே வரியாக இருக்கும் பொருளுக்குப் பின்னால் வேறொரு நாட்டில் விளைந்த கோதுமை நிற்கிறது. கோதுமை ஒவ்வாதவர்கள் உண்டு என்பதால், நம் நாட்டு உணவு விதிமுறைகள் கோதுமை சேர்ந்திருப்பதை ஒட்டுச்சீட்டில் அறிவிக்கச் சொல்கின்றன. பத்துக் கிலோ தூளுக்கு ஒரு சிறு டப்பாதானே போடுகிறோம் என்று இதை விட்டுவிடாதீர்கள். எடையில் கடைசியில் நிற்கும் பொருள் ஆபத்தில் முதலில் நிற்கக்கூடும். எல்லாப் பொருளையும் ஒரே நேரத்தில் துருவ உங்களுக்கு நேரமில்லை என்றால், பெருங்காயம், மிளகாய், மஞ்சள் என்ற வரிசையில் தொடங்குங்கள்.

மிளகாயைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈரத்தோடு தரையில் காய்ந்த மிளகாயில் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் என்னும் நச்சு உண்டாகலாம். பொடித்த மிளகாயில் நிறத்துக்காகச் சாயம் கலந்த சம்பவங்களும் உண்டு. 2005ஆம் ஆண்டு பிரிட்டனில், சூடான் 1 என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸுக்குள் போய், அந்த சாஸ் வேறு பல தயார் உணவுகளுக்குள் போய், கடைசியில் 400க்கும் மேற்பட்ட பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. முடிந்தவரை முழு மிளகாயாக வாங்கி நீங்களே அரைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. மஞ்சளில் ஆபத்து வயலில் இல்லை. வங்காளதேசத்தில் கிழங்கை மெருகேற்றும் ஆலைகளில், நிறம் தூக்கலாகத் தெரிய ஈயக் குரோமேட் தூவியதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். விவசாயி அதைச் செய்யவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. நடுவில் இருந்த ஒரே ஒரு கட்டத்தில் அது நடந்தது. எந்தக் கட்டம் என்று தெரிந்ததால் அரசாங்கம் அங்கேயே கை வைத்தது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்த நிலை மாறி, 2021இல் ஒன்றிலும் இல்லை என்ற அளவுக்கு வந்தது. "இந்திய மஞ்சள்", "வங்காளதேச மஞ்சள்" என்று நாட்டின் பெயரை மட்டும் எழுதும் வரைபடத்தால் இப்படி ஒரு பயன் கிடைத்திருக்காது. பொருள் எங்கே கலக்கிறது, எங்கே பிரிகிறது, எங்கே உருமாறுகிறது என்ற இடங்களைத்தான் நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டும்.

அத்தகைய இடங்களில் மிக முக்கியமானது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும். வறுத்த மல்லியை ஊரில் உள்ள அரவை மில்லுக்குக் கொண்டுபோய் அரைக்கிறீர்களா? உங்களுக்கு முன்னால் அங்கே அரைத்தவர் கோதுமை அரைத்தாரா, கச்சான் (வேர்க்கடலை) அரைத்தாரா? மில்லின் பெயரும் அரைத்த தேதியும் உங்கள் வரைபடத்தில் ஒரு கட்டமாக இடம்பெற வேண்டும். அதேபோல், புதிதாக வந்த மூட்டையைப் பாதி காலியான நீல பீப்பாயில் பழைய மல்லியின் மேலேயே கொட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கொட்டிய அந்தக் கணத்தில் இரண்டு மூட்டைகளின் தடமும் ஒன்றாகிவிடுகிறது, பிறகு எந்த ஆய்வுக்கூடமும் அதைப் பிரித்துத் தர முடியாது. பீப்பாய் முழுதும் தீர்ந்து துடைத்த பிறகே அடுத்த மூட்டையைக் கொட்டுங்கள். மூட்டையின் வாயில் தைத்திருக்கும் சீட்டைக் கத்தரித்து, பிரித்த தேதியை அதன்மேல் எழுதி, ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். ஒன்றாகத் தயாரான சரக்கைக் குறிக்கும் தொகுதி எண் அந்தச் சீட்டில் இருக்கும். உங்கள் பொட்டலத்தின் தொகுதி எண்ணுக்கும் அந்தச் சீட்டுக்கும் நடுவே ஒரு வரி எழுதி வைத்தாலே பாதி வரைபடம் தானாக உருவாகிவிடும்.

இப்போது உங்கள் வியாபாரியின் இரகசியத்துக்கு வருவோம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இறக்குமதியாளரின் பெயரைச் சொன்னால் நீங்கள் நேரே அங்கே போய்விடுவீர்கள் என்று நினைக்கிறார். ஆகவே பெயரைக் கேட்காதீர்கள். மூன்றே விஷயங்களைக் கேளுங்கள்: விளைந்த நாடு, மூட்டையின் தொகுதி எண், பதப்படுத்தியது எந்த வட்டாரம் என்பது. இறக்குமதியாளரை "இ-1", "இ-2" என்று குறியீட்டால் எழுதிக்கொள்ளலாம். ஏதேனும் சிக்கல் வந்தால் சுகாதார அதிகாரிகளிடம் அவரே பெயரை நேராகத் தருவதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று சொல்லுங்கள். இறக்குமதியாகும் பொட்டல உணவின் ஒட்டுச்சீட்டில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் விளைந்த நாடும் இருக்க வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளிலேயே உள்ளது. ஆகையால் பெருங்காய டப்பா போன்றவற்றில் நீங்கள் தேடும் விவரம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். இவ்வளவு கேட்டும் தொகுதி எண்ணைக்கூடத் தர மறுக்கும் வியாபாரியிடம் மிளகாயும் மஞ்சளும் வாங்காதீர்கள் என்பது என் உறுதியான எண்ணம், விலை சற்றுக் கூடினாலும் சரி.

பேரங்காடியிடம் தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். போன மாதம் விற்ற ஏதோ ஒரு பொட்டலத்தின் எண்ணை எடுத்து, அதில் சேர்ந்த மிளகாய் எந்த மூட்டை, அதே மூட்டை வேறு எந்தெந்தப் பொட்டலங்களில் சேர்ந்தது, அவை எந்தக் கடைகளில் இருக்கின்றன என்பதை ஒரு காலைப்பொழுதுக்குள் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். எடைக் கணக்கையும் சரிபாருங்கள். வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும், ஒருமுறை நிறுத்துப் பார்த்து அந்தக் குறைவைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய மூட்டைகள் தரக்கூடியதைவிட விற்ற தூள் அதிகமாக இருந்தால், எங்கோ ஒரு மூட்டை எழுதப்படாமல் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது கடைக்காரரை நம்பி வாங்கினோம், சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தாள் வேலை எல்லாம் பெரிய நிறுவனங்களின் வசதிக்காகத்தானே? இதனால் யாருடைய உயிராவது தப்பியிருக்கிறதா? — ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர், கோலா சிலாங்கூர்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியின் பின்பாதிக்கு ஆம் என்பதே பதில். முன்பாதிக்கு நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையே எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. 1988ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் 13 குழந்தைகள் திடீரென்று ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்தார்கள். அவர்கள் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் அல்லர். பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு மாவட்டங்களில் ஆறு ஊர்களில் சிதறியிருந்தார்கள். ஆய்வு செய்தவர்கள் குழந்தைகள் என்ன உண்டார்கள் என்று விசாரித்தபோது, அரிசி மாவில் செய்த லோ ஷி ஃபன் என்னும் சீன மீ (நூடுல்ஸ்) பொதுவாக வந்தது. அந்த ஆறு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, கம்பாரில் இருந்த ஒரே ஆலை தன் மீயை விநியோகித்த பாதையில் அவை வரிசையாக அமைந்திருந்தன. இறந்த குழந்தைகளின் உடல்களில் அஃப்லாடாக்சின் உறுதி செய்யப்பட்டது. அந்தப் பெற்றோர்களும் கடைக்காரரை நம்பித்தான் வாங்கினார்கள். கடைக்காரரும் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். நம்பிக்கை ஒருவரை ஒருவர் அறிந்த தூரம் வரைக்குமே போகும், பண்டமோ அதைத் தாண்டிப் போகிறது.

இன்னொரு நிகழ்ச்சி நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் வெந்தயத்தைப் பற்றியது. 2011 மே மாதம் ஜெர்மனியில் கொடிய ஈ. கோலை கிருமி பரவி, ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்று, 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. ஒரு குற்றமும் செய்யாத விவசாயிகள் விளைச்சலைக் குப்பையில் கொட்டினார்கள். பிறகுதான் அதிகாரிகள் ஒவ்வொரு உணவகத்தின் கொள்முதல் ரசீதுகளையும் எடுத்துப் பின்னோக்கிப் போனார்கள். கூட்டமாக நோயுற்ற 41 இடங்களின் கோடுகளும் கீழ் சாக்சனியில் உள்ள ஒரே முளைப்பயறுப் பண்ணையில் போய்ச் சேர்ந்தன. ஆனால் பண்ணை பல விதைகளை முளைக்க வைத்தது, எந்த விதை என்று தெரியவில்லை. ஜூன் மாதம் பிரான்சில் போர்தோ நகரத்துக்கு அருகே அதே கிருமி தலைகாட்டியது. அங்கே உண்ணப்பட்ட முளைகளுக்கான விதை, இங்கிலாந்திலிருந்து சிறு பொட்டலங்களாக வந்தது. இரண்டு கோடுகளையும் பின்னோக்கி நீட்டியபோது, எகிப்திலிருந்து 2009ஆம் ஆண்டு இறக்குமதியான சுமார் 15,000 கிலோ வெந்தயத் தொகுதி ஒன்றில் அவை சந்தித்தன. அந்த ஒரு தொகுதி பல நாடுகளுக்குப் பிரிந்து போயிருந்தது. அதை விற்பனையிலிருந்து விலக்கிய பிறகு எத்தனை பேர் தப்பினார்கள் என்பதை எண்ணிச் சொல்ல முடியாது, ஆனால் தப்பினார்கள்.

இதில் என்னை மிகவும் பாதிப்பது ஒரு செய்தி. சோதித்த வெந்தய விதைகளில் அந்தக் கிருமி அகப்படவேயில்லை. ஆய்வுக்கூடம் கைவிட்ட இடத்தில் ரசீதுகளும் தொகுதி எண்களுமே உண்மையைக் கொண்டுவந்து சேர்த்தன. மேலே எழுதியிருக்கும் சகோதரி மூட்டைச் சீட்டைக் கத்தரித்து ஒட்டி வைப்பது அந்த அளவுக்குப் பெரிய வேலை. வெந்தயத்தை வறுத்தும் கொதிக்கவைத்தும் உண்ணும் நம் வீடுகளில் அச்சம் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐரோப்பாவில் அதை முளைகட்டிப் பச்சையாக உண்டார்கள். வெப்பம் பட்டால் அக்கிருமி அழிந்துவிடும்.

கேள்வி: பொட்டலத்தில் "மலேசியத் தயாரிப்பு" என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் மிளகாயும் மல்லியும் மலேசியாவில் விளைந்தவை என்று எடுத்துக்கொள்ளலாமா? — ஒரு வாசகி, ஈஜோக்

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வரி பண்டம் இங்கே செய்யப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. மூலப்பொருள் ஒவ்வொன்றும் விளைந்த நாட்டை அறிய விரும்பினால், பொட்டலத்தில் உள்ள முகவரிக்குத் தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். உற்பத்தியாளர் வரைபடம் வைத்திருக்கிறாரா இல்லையா என்பதும் அவர் தரும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எனக்கு மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. குலைகளை எடுத்துப்போகும் வியாபாரி, இதுவரை உரிம எண்ணை மட்டும் கேட்டவர், இப்போது நிலம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் கேட்கிறார். நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கொடுக்கலாமா? — சிறுதோட்டக்காரர், பெஸ்தாரி ஜெயா

பதில்: கொடுக்கலாம், தம்பி. வீட்டில் உள்ளவர்களின் பயம் தீர, பழம் போகும் வழியைச் சொல்கிறேன். வெட்டிய குலையில் கொழுப்பு அமிலம் ஏறுவதற்குள், கூடுமானவரை ஒரே நாளில், அது ஆலையில் ஆவியேறியாக வேண்டும். அந்த அவசரத்தில் உங்கள் குலையும் இன்னும் பல சிறுதோட்டக்காரர்களின் குலையும் வியாபாரியின் களத்தில் ஒரே குவியலாகி, ஒரே லாரியில் ஏறுகின்றன. ஆலையில் எண்ணெய் ஒரே தொட்டியில் சேர்கிறது, சுத்திகரிப்பு ஆலையில் பல ஆலைகளின் எண்ணெய் மறுபடி சேர்கிறது. அங்கிருந்து நாம் முறுக்குச் சுடும் எண்ணெயாகவும், பிஸ்கட்டில் சேரும் கொழுப்பாகவும் வெளியேறுகிறது. பிஸ்கட் நிறுவனம் பின்னோக்கிப் பார்த்தால் ஆலை வரைக்கும் ஓரளவு எளிதாகத் தெரியும், ஆலைக்குப் பின்னால் வியாபாரியின் குவியலில் தடம் மறைந்துவிடும். உங்களிடம் கேட்கும் எண்கள் அந்த ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகவே.

ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டம் இந்தக் கேள்விக்கு முக்கியக் காரணம். அது அமலாகும் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டிருந்தாலும், வாங்குபவர்கள் முன்கூட்டியே விவரம் சேர்க்கிறார்கள். அச்சட்டம் கேட்பது, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து நட்ட நிலமா என்பதை. பல ஆண்டுகளாகச் செம்பனை நிற்கும் உங்கள் நிலத்துக்கு, மறுநடவு செய்திருந்தாலும்கூட, அதனால் இடையூறு இல்லை. நான்கு ஹெக்டருக்குக் குறைவான நிலத்துக்கு எல்லைக்கோடு முழுவதும் தேவையில்லை, ஒரே ஒரு புள்ளி போதும். மூன்று ஏக்கர் என்பது சுமார் 1.2 ஹெக்டர்தான். நம் நாட்டிலும் எம்.எஸ்.பி.ஓ. என்னும் நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயமாக இருப்பதால், இந்த விவரம் அதற்கும் உதவும்.

நம் வட்டாரத்துக்கு இது பொருத்தமான வேலை என்றே நினைக்கிறேன். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டு இங்கே தென்னமாரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. அந்த மரங்களின் வம்சம் 1848ஆம் ஆண்டு ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகள் வரை எழுத்தில் இருக்கிறது. விதை வந்த வழியை அவ்வளவு கவனமாகக் குறித்து வைத்த இந்தத் தொழிலில், அந்த மரத்தைப் பராமரித்துக் குலை வெட்டியவர் யார் என்பது மட்டும் நெடுங்காலம் எங்கும் எழுதப்படாமல் இருந்தது. குவியலில் காணாமற்போகும் சிறுதோட்டக்காரரின் பெயர் இப்போது ஏட்டில் ஏறுகிறது. அதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவே. நிலத்தின் நடுப்பகுதியில், ஓலை மறைக்காத இடமாகப் பார்த்து நின்று, கைப்பேசியின் வரைபடச் செயலியில் தெரியும் இரு எண்களையும் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை குறித்துக்கொள்ளுங்கள். அதோடு செம்பனை எண்ணெய் வாரியம் வழங்கிய உரிமத்தின் நகலையும், மரம் நட்ட ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். எந்தப் பயன்பாட்டுக்காக வாங்குகிறார் என்பதை வியாபாரியே ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திடட்டும். நிலப்பட்டாவின் அசலை மட்டும் யாரிடமும் விட்டுவராதீர்கள், நகலே போதுமானது. ஒவ்வொரு முறை குலை எடுக்கும்போதும் எடை, தேதி, லாரி எண் மூன்றும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்கி, குறைந்தது மறுநடவு வரைக்குமாவது பத்திரப்படுத்துங்கள்.